ஆறிக்கொண்டிருக்கும் காதில் தோடு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது குத்திய முதல் சில மாதங்களில் நகையை எப்போது கழற்றலாம், எதை மாட்டலாம், எப்படி மாட்டலாம் என்று புதிதாகக் குத்திக்கொண்டவர்களும் பிள்ளைகளுக்குக் குத்திவிட்ட பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆசாரி தங்கக் கம்பியால் குத்திய காதுக்கும், நகைக்கடையிலோ அழகு நிலையத்திலோ கன் ஷாட் என்ற துப்பாக்கி போன்ற கருவி வைத்துக் குத்திய காதுக்கும், மருத்துவர் ஊசியால் குத்திய காதுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். மேல் காது மட்டும் வேறு கதை என்பதால் அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

காது குத்தி எத்தனை நாள் கழித்து முதல் நகையைக் கழற்றலாம்?

கீழ்மடலில் குத்தியிருந்தால் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். இது மிகக் குறைந்த அளவுதான். ஆறு வாரம் முடிந்த மறுநாளே எல்லாருடைய காதும் தயாராகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. என்னைக் கேட்டால், அவசரம் ஏதும் இல்லாதவர்கள் மூன்று மாதம் வரை முதல் நகையிலேயே விட்டுவிடுவது நல்லது என்பேன், அதிலும் அடுத்து மாட்டப்போவது தண்டில் மரை, அதாவது திருகுவரி, உள்ள திருகாணித் தோடு என்றால் கட்டாயம் அப்படித்தான் சொல்வேன். மேல் காதின் குருத்தெலும்பில் குத்தியிருந்தால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம்.

வெளியே காய்ந்துவிட்டது, வலியும் இல்லை. ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. காது தூர்ந்துபோவதும் புண்ணாவதும் பெரும்பாலும் இந்த ஒரு நம்பிக்கையால்தான் நடக்கின்றன.

காதில் துளை போடும்போது முன்தோல், உள்ளே இருக்கும் சதை, பின்தோல் மூன்றையும் ஊசி கடந்துபோகிறது. அதன் பிறகு உடல் அந்தத் துளையை மூடத்தான் பார்க்கும். நடுவில் நகையின் தண்டு நிற்பதால் மூட முடியாமல், அந்தத் தண்டைச் சுற்றி ஒரு தோல் உறையை வளர்க்கிறது. இந்த உறை முன்வாயிலும் பின்வாயிலும் ஒரே சமயத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்ந்து நடுவில் வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரிகிற இரண்டு வாய்களும் முதலில் ஆறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நடுப்பகுதி கடைசியில் ஆறுகிறது. மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் பார்த்தால் காது முழுவதும் ஆறியதுபோலவே இருக்கும், ஆனால் உள்ளே நடுவில் இன்னும் பச்சைப் புண்தான் இருக்கும்.

நடுவில் உறை சேர்ந்த பிறகும் அது சில வாரங்களுக்கு மிக மெல்லியதாகவே இருக்கிறது. அந்த நிலையில் தண்டை உருவினால் உறை கிழியலாம். உருவிய தண்டைத் திரும்பச் செருகும்போது அது பழைய வழியை விட்டுப் பக்கத்துச் சதையில் புதுவழி தோண்டலாம். அப்படித் தோண்டிவிட்டால் காது குத்திய முதல் நாளுக்கே திரும்பிப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் உள்ளே ஆறியதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மடலை முன்னும் பின்னும் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால் நோவோ, உள்ளே உருண்டையாகக் கட்டியோ தட்டுப்படக் கூடாது. காலையில் எழும்போது தண்டைச் சுற்றி வெளிர்மஞ்சள் பொருக்கு கட்டியிருப்பது, இரண்டு வாரமாவது அறவே நின்றிருக்க வேண்டும். நகை தற்செயலாகத் துண்டில் பட்டு அசைந்தாலும் சுருக்கென்று இருக்கக் கூடாது. துளையின் விளிம்பைக் கவனித்துப் பாருங்கள்: ஆறாத காதில் அது சிவந்து, சற்றே உப்பி, பளபளப்பாக இருக்கும், ஆறிய காதில் சுற்றியுள்ள தோலின் நிறத்திலேயே, ஒரு சின்னக் குழியைப் போல உள்வாங்கி இருக்கும். இந்த உள்வாங்கிய குழிதான் நான் அதிகம் நம்புகிற அடையாளம்.

இரண்டு காதும் ஒரே நாளில் குத்தியவை என்றாலும் ஒரே நாளில் ஆறுவதில்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்களோ அந்தப் பக்கத்துக் காது பெரும்பாலும் பின்தங்கும். பின்தங்கிய காதை வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

அடுத்த வாரம் வீட்டில் கல்யாணம். ஒரே ஒரு நாள் மட்டும் தோடு மாட்டிக் கழற்றிவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். என் அக்கா மகளுக்குச் சிறுவயதில் குத்திய காது தூர்ந்துபோனதால் பதினோரு வயதில் மறுபடியும் குத்தினோம். ஐந்தாவது வாரத்தில் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. பாட்டியின் சிவப்புக்கல் தோட்டை அன்று அவள் காதில் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை, மாட்டிவிட்டது நான். இடது காதில் தோடு போய்விட்டது. வலது காதில் பாதித் தூரம் போன தண்டு, அதற்குமேல் நகராமல் நின்றது. கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று அழுத்தினேன். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் இருந்தாள். தண்டு பின்பக்கம் வந்தபோது, பழைய துளைக்கு ஒரு நெல் அகலம் தள்ளி, ஒரு சொட்டு ரத்தத்தோடு வந்தது. உடனே உருவிவிட்டு முன்பிருந்த கம்பியை மாட்டப் பார்த்தால், அதற்குள் மடல் வீங்கி அதுவும் போகவில்லை. அன்றிரவு இடது காதும் வீங்கிவிட, மரையில் காய்ந்திருந்த ரத்தத்தால் திருகாணி இறுகி, மருத்துவரிடம் போய்த்தான் கழற்ற முடிந்தது. வலது காதை மறுபடி குத்த மூன்று மாதம் காத்திருந்தோம்.

ஆகவே, ஒரு நாள் என்றாலும் மாற்ற வேண்டாம். குத்திய கம்பியோடோ சிறிய கம்மலோடோ குழந்தை விசேஷத்துக்கு வரட்டும். ஜிமிக்கி போட்டே தீர வேண்டும் என்று இருந்தால் காதைச் சுற்றிப் போகிற மாட்டலிலேயே கோத்துத் தரும் வகைகளும், துளை இல்லாமல் மடலைக் கவ்வுகிற வகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றிலும் குத்திய இடத்தை அழுத்தும் கவ்விகளைத் தவிர்த்துவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் காது குத்துகிற நாளையே கல்யாணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் வைத்துக்கொள்வார்கள்.

முதன்முதலாக மாட்ட எந்த வகை நகை நல்லது? திருகாணித் தோடு மாட்டலாமா?

நம் ஊர்த் தோட்டின் தண்டு பெரும்பாலும் தடிமனானது. அதன் நீளம் முழுவதும் மரை வெட்டியிருக்கும். விரல் நகத்தால் அந்தத் தண்டை ஒருமுறை கீறிப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் நகத்தில் தட்டும். அதே வரிகள்தான் ஆறியும் ஆறாமலும் இருக்கிற தோல் உறையை உட்பக்கம் சுரண்டிக்கொண்டு போகின்றன. போதாக்குறைக்கு, வரிகளுக்கு இடையில் எண்ணெயும் சோப்பும் அழுக்கும் தங்கிக்கொள்ளும். பல ஆண்டு ஆறிய காதுக்கு இது ஒன்றும் செய்யாது. மூன்று மாதக் காதுக்கு இது அரம் போல.

கன் ஷாட்டில் போடுகிற கம்மலின் தண்டு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர்தான். அந்த அளவுக்கு ஆறிய துளையில் அதைவிடத் தடித்த தண்டை நுழைத்தால் கிழியத்தான் செய்யும். அதனால் முதல் மாற்றத்துக்கு, குத்தியபோது இருந்த அதே தடிமனில், மரையில்லாத வழவழப்பான தண்டுள்ள சிறிய கம்மலைத் தேர்ந்தெடுங்கள். தண்டின் முனை கூராக இல்லாமல் மழுங்கி உருண்டிருக்க வேண்டும். வீட்டுத் தோட்டைத்தான் மாட்ட வேண்டும் என்றால், ஆசாரியிடம் கொடுத்து, தண்டின் முன்பாதி மரையை ராவி வழவழப்பாக்கி, திருகாணி பிடிக்கும் நுனியில் மட்டும் மரை இருக்கும்படி செய்து தரச் சொல்லலாம். இது சின்ன வேலைதான், கேட்டால் செய்து தருவார்கள்.

எடையையும் பார்க்க வேண்டும். தென்மாவட்டங்களில் பாம்படம், தண்டட்டி அணிந்த பாட்டிமார்களின் காதைப் பார்த்து, காது எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காதுகளை ஓலைச்சுருளும் பஞ்சும் வைத்து மிக மெதுவாகப் பெருக்கிய பிறகே பாரம் ஏற்றினார்கள். புதிய துளையில் தொங்குகிற பாரம் துளையைக் கீழ்நோக்கி நீட்டிவிடும், அப்படி நீண்டது தானாகத் திரும்பாது. காது ஆறிய பிறகும், முதல் ஓர் ஆண்டுக்கு ஜிமிக்கியும் தொங்கட்டானும் விசேஷ நாளில் சில மணி நேரம் மட்டும் இருக்கட்டும்.

எந்த உலோகம் காதுக்கு ஒத்துக்கொள்ளும்? கவரிங் போடலாமா?

916 முத்திரையுள்ள 22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பெரும்பாலானவர்களின் காதுக்கு இது ஒத்துப்போகிறது. அதைவிடவும் பாதுகாப்பானது, உடலுக்குள் பொருத்துவதற்கென்று தயாரிக்கப்படும் தரத்திலுள்ள டைட்டானியம். வெண்தங்கம் என்று விற்கப்படும் சில நகைகளில் நிக்கல் கலந்திருக்கும், வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

உண்மையான வில்லன் இந்த நிக்கல்தான். தொடர்ந்து தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும், ஒருமுறை உண்டான ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் போகாது. ஆறாத துளையில் உலோகம் நேரடியாகச் சதையில் படுவதால், அந்த ஒவ்வாமை தொடங்குவதற்கு ஏற்ற இடமே புதிதாகக் குத்திய காதுதான். துளையிட்ட இடத்தில் அணியும் நகையிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது. சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கப்படும் 316எல் எஃகிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உண்டு. அது உலோகத்தோடு இறுகக் கட்டுண்டிருப்பதால் குறைவாகவே கசிகிறது, இருந்தாலும் ஜீன்ஸ் பித்தானோ மலிவான கைக்கடிகாரமோ பட்ட இடத்தில் அரிப்பு வருகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கவரிங் நகை, அது சிதம்பரம் கவரிங்காகவே இருந்தாலும், செம்பு அல்லது பித்தளை மேல் மெல்லிய தங்கப்பூச்சு பூசியதுதான். தண்டில் இருக்கும் பூச்சுதான் முதலில் தேயும். ஆறிய காதில் அழகுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆறும் காதில் வேண்டாம். வெள்ளியையும் இந்தச் சமயத்தில் தவிர்க்க வேண்டும். ஈரமான புண்ணில் அது கறுத்து, தோலில் நிரந்தரக் கறையை விட்டுவிடக்கூடும்.

மாட்டப்போகும் தோட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

புதுத் தோடு என்றால் சுத்தமானது என்று எண்ண வேண்டாம். கடையில் பலர் காதில் வைத்துப் பார்த்ததாக இருக்கலாம், மெருகு போட்ட பொடி மரையில் ஒட்டியிருக்கலாம். பழைய தோட்டில், கல்லுக்குப் பின்னாலும் மரை வரிகளிலும் பல ஆண்டு எண்ணெயும் சீயக்காயும் கறுப்பாக உறைந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரிலோ, ஆசாரிகள் பயன்படுத்துகிற பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரிலோ மென்மையான பல் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதன் பிறகு தண்டையும் திருகாணியையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட் முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கல் வைத்த தோட்டைக் கொதிநீரில் போடாதீர்கள், முத்தும் பவளமும் பாழாகும், மற்ற கற்களும் கழன்றுவரலாம். ஸ்பிரிட் நகைக்கு மட்டுந்தான், காதுக்கு அன்று.

சரி, மாற்றும் நாள் வந்துவிட்டது. படிப்படியாக எப்படிச் செய்வது?

குளித்து முடித்த வேளையைத் தேர்ந்தெடுங்கள், அப்போது மடல் இளகியிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். வாஷ் பேசின் முன்னால் நின்று செய்தால் திருகாணி நேராக வடிகாலுக்குப் போகும். கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். ஈரக் கையில் திருகாணி வழுக்கும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காடு நார்மல் சலைன் என்ற உப்புநீரில் பஞ்சுத்துணியை நனைத்து, துளையின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றிப் பிடித்தால் பொருக்கு ஊறித் தானாக வந்துவிடும். ஊறாத பொருக்கோடு தண்டை இழுப்பது உள்ளே அரத்தை இழுப்பதற்குச் சமம். பிறகு ஒரு கையால் கம்மலின் முகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் பின்பக்கத்துத் திருகாணியை மட்டும் திருகுங்கள். முகம் சுற்றினால் தண்டும் உள்ளே சேர்ந்து சுற்றும், அதுதான் வலிக்கும்.

திருகாணி வந்த பிறகு அவசரப்படாமல், தண்டு எந்தச் சாய்வில் வெளியே வருகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே உருவுங்கள். எல்லாத் துளையும் நேராகப் போவதில்லை. சிலருக்குச் சற்று மேல்நோக்கியோ கன்னத்துப் பக்கம் சாய்ந்தோ போகும். வந்த அதே சாய்வில்தான் புதியதும் போக வேண்டும். தண்டின் நுனியில் சலைன் அல்லது நீரில் கரையும் ஜெல்லி சிறிது தடவி, மடலை மற்றக் கையால் மெல்லக் கீழிழுத்துப் பிடித்தால் துளை நேராகும். தண்டை அழுத்தாமல், நுனியைத் துளையில் வைத்து அதன் எடையிலேயே வழி தேடவிடுவதுபோல மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஆறிய காது தானே உள்வாங்கிக்கொள்ளும். பின்னால் திருகாணியை மாட்டும்போது மடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய அட்டை நுழையும் அளவுக்காவது இடம் விடுங்கள்.

ஒரு காது முடிந்து நகை நன்றாக அமர்ந்த பிறகே அடுத்த காதைத் தொட வேண்டும். இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்காதீர்கள்: மூன்று மாதத்துக்குட்பட்ட துளை சில நிமிடங்களிலேயே சுருங்கத் தொடங்கும், சில மணி நேரத்தில் தூர்ந்தும் போகலாம்.

பாதியில் நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை. என்ன செய்வது?

அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, சலைனால் ஒற்றி, கழற்றிய பழைய நகையையே மாட்டிவிட்டு இன்னும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். பழையதும் போகவில்லை என்றால் கண்ட ஊசியையும் ஈர்க்குச்சியையும் விட்டுத் தேடாமல், அன்றே காது குத்தியவரிடமோ மருத்துவரிடமோ போங்கள். நுனி கூம்பிய வழுவழுப்பான கம்பியை முதலில் செலுத்தி, அதன் பின்னாலேயே நகையைக் கொண்டுவருகிற முறை அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். தாமதித்தால் அதுவும் முடியாமல் போகும்.

தினமும் கம்பியைச் சுழற்றினால்தானே ஒட்டாமல் இருக்கும்?

பல காலமாகச் சொல்லப்பட்ட அறிவுரை இது, இன்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். ஆனால் சுழற்றும்போது காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டு உறையைச் சுரண்டுகிறது என்பதால், தொழில்முறையாகத் துளையிடுகிறவர்கள் இப்போது வேண்டாம் என்றே சொல்கிறார்கள். நாளுக்கு இருமுறை சலைனால் ஒற்றி எடுத்தாலே ஒட்டாது.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

பாட்டிமார்கள் அக்கறையோடு செய்தவை இவை; அவர்களிடம் அப்போது வேறு மருந்து இருக்கவில்லை. ஆனால் கடை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அன்று, அதன் துகள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் பொருக்கோடு சேர்ந்து துளைவாயை மூடிவிடும், உள்ளே கசிகிற நீர் வெளியேற வழியில்லாமல் சீழாகும். வேப்பங்குச்சியும் ஈர்க்கும் நாருள்ளவை; அந்த நார் உள்ளே முறிந்து தங்கினால் புண் ஆறவே ஆறாது. துளை தூராமல் இருக்கக் குச்சிக்குப் பதில், மருத்துவரிடமோ நகைக்கடையிலோ கிடைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் தண்டையே பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் அழிக்கின்றன. சலைன் கிடைக்காத ஊரில் இருந்தால், கொதித்து ஆறிய ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், அதாவது சுமார் 240 மில்லியில், கால் தேக்கரண்டி உப்பு போதும். உப்பு கூடினால் புண் எரிந்து வறளும்.

காது சீழ் வைத்துவிட்டது. உடனே நகையைக் கழற்றிவிட வேண்டுமா?

கையோடு கழற்றிவிடத்தான் தோன்றும், ஆனால் பொறுங்கள். நகை நிற்கும் வரை சீழ் வடிய வழி இருக்கிறது. கழற்றினால் வாய் மூடி, உள்ளே சீழ் கட்டியாகத் தங்கிவிடலாம். கீழ்மடலில் லேசான சிவப்பும் சிறிது சீழும் மட்டும் என்றால், சலைனால் சுத்தம் செய்துகொண்டு, திருகாணியைத் தளர்த்தி வைத்து, ஒன்றிரண்டு நாளில் மருத்துவரைப் பாருங்கள். கழற்றலாமா என்பதை அவர் சொல்லட்டும். சிவப்பு பரவுவது, மடல் முழுவதும் சுடுவது, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு காதிலும் ஒரே மாதிரி, வலியைவிட அரிப்பு அதிகமாக, தோல் உரிந்து நீர் கசிந்தால் அது உலோக ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மருந்தைவிட முதலில் வேண்டியது நகையின் உலோகத்தை மாற்றுவது.

கன் ஷாட் கம்மலில் பின்பூட்டை மடலோடு ஒட்ட அழுத்தி வைத்திருந்து, காது வீங்கும்போது அந்தப் பூட்டு சதைக்குள் புதைந்துபோவதும் உண்டு. பின்பக்கம் பூட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வீட்டில் தோண்டாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு மருத்துவர் எடுத்துவிடுவார்.

மேல் காதில் குத்தியிருக்கிறேன். இதே விதிகள்தானா?

காத்திருக்கும் காலமும் ஆபத்தும் இரண்டுமே அதிகம். குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த நாளம் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. கிருமி புகுந்து சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் ஊட்டம் அறுந்து குருத்தெலும்பு சாகத் தொடங்கும், பிறகு காது சுருங்கிக் கோணிவிடும். பெரும்பாலும் இதைச் செய்வது சூடோமோனாஸ் என்ற, தண்ணீரிலும் ஈரமான இடங்களிலும் வாழ்கிற கிருமி. சாதாரணமாகக் கொடுக்கப்படும் பல ஆன்டிபயாட்டிக்குகள் அதற்குக் கேட்காது. எனவே மேல் காது சிவந்து வீங்கித் தொட முடியாதபடி வலித்து, கீழ்மடல் மட்டும் வழக்கம்போல இருந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மேல் காதில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் சீக்கிரம் தேவைப்படலாம். வீக்கத்துக்கு இடம் விட்டு முதலில் நீளமான தண்டு போட்டிருப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகு அந்த நீளம் முடியிலும் தலையணையிலும் மாட்டி இழுத்துத் துளையையே சாய்த்துவிடும். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் அதைக் குட்டைத் தண்டாக மாற்ற வேண்டும், ஆனால் அதைக் குத்தியவரே செய்ய வேண்டும், நீங்கள் அல்ல.

கைக்குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறோம். கம்பியை எப்போது மாற்றலாம்?

கீழ்மடலுக்கான அதே கணக்குதான், ஆனால் மாற்ற வேண்டிய அவசியம் குழந்தைக்குக் கிடையாது. ஆசாரி போட்ட வளையம் காதை உறுத்தாமல் இருந்தால் ஓராண்டு வரைகூட விட்டுவிடலாம். மாற்றினால் கழன்று விழாத சிறிய கம்மலாகப் பாருங்கள். விழுந்த திருகாணி வாய்க்குள்தான் போகும், மூச்சுக்குழாயில் அடைக்கும் அளவுதான் அது. இன்னும் குத்தவில்லை என்றால், 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் ரணஜன்னிக்கான பாதுகாப்பும் இருப்பதால், அந்த மூன்று தவணையும் முடிந்த பிறகு காதணி விழாவை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கும் ஸ்கேனுக்கும் நகையைக் கழற்றச் சொல்கிறார்களே?

நீட் தேர்வு அறைக்குள் கம்மல், மூக்குத்தி உட்பட எந்த நகைக்கும் அனுமதி இல்லை. தேர்வு வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் வருகிறது; ஆகவே அந்த ஆண்டு எழுதப்போகிறவர்கள் ஜனவரிக்குப் பிறகு காது குத்தாமல், தேர்வு முடிந்ததும் குத்திக்கொள்வதுதான் சரி. காலையில் மையத்தின் வாசலில் நின்று பச்சைக் காதிலிருந்து கம்மலை உருவுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மாலையில் திரும்ப மாட்ட முடியாமல் அழுததையும் பார்த்திருக்கிறேன். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் காது ஆறவில்லை என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால், உலோகத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தண்டை மாட்டிக்கொண்டு வரச் சொல்லலாம். அதையும் குத்தியவரிடமே போய் மாட்டிக்கொள்ளுங்கள்.

துளைக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒன்று வளர்கிறது. என்ன அது?

குத்திய சில வாரங்களில் சிவந்து, ஈரமாக, தொட்டால் ரத்தம் வருகிற சிறு முண்டு என்றால் அது உரசலால் வருவது. உரசுவதை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில மாதங்கள் கழித்து, வலியில்லாமல், கெட்டியாக, புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால் அது கீலாய்டாக இருக்கலாம். கருநிறத் தோலுள்ளவர்களுக்கும் குடும்பத்தில் யாருக்காவது இருப்பவர்களுக்கும் அதிகம் வரும். வெட்டி எடுத்தால் மட்டும் போகாது, திரும்ப இன்னும் பெரிதாக வரக்கூடும். சிறிதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டினால் ஊசி மருந்தால் அடக்க முடியும். வீட்டில் யாருக்காவது கீலாய்டு உண்டு என்றால், இரண்டாவது மூன்றாவது துளை போடுவதற்குமுன் நன்றாக யோசியுங்கள்.

மாற்றிய பிறகு எத்தனை நாள் கழித்து அடுத்த தோடு?

முதல் மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு மாதம் அதே நகை இருக்கட்டும். அந்தக் காலத்தில் இரவிலும் கழற்ற வேண்டாம். தலை துவட்டும்போது துண்டைக் காதின்மேல் இழுக்காமல் ஒற்றி எடுங்கள், ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் பக்கங்களை விரித்துப் பிடியுங்கள், தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓர் ஆண்டு நிறைந்த பிறகும்கூட, வாரக்கணக்கில் வெறும் காதாக விட்டால் சிலருக்குத் துளை சுருங்கிவிடும். ஒரு சிறிய கம்மலாவது காதில் இருக்கட்டும்.